சந்தனம் பட்ட விசை

எனக்கு முதன்முதலில் கோபம் வந்த கணினி கஞ்சிக்கோட்டில் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கணினிகள் மேல் கோபம் வந்திருக்கிறது, அவையெல்லாம் சில்லறைக் கோபம். இந்த ஒன்றை மட்டும் நான் மனதார வைதிருக்கிறேன், ஒரு நாள் கையெடுத்தும் கும்பிட்டிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் போகிற சாலையில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. முதலமடையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், கணவாய்க் காற்று வாரி இறைத்த புழுதியோடு இறங்கி, கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன். தொழிற்சாலையிலேயே ஏ.சி. இருந்த அறை அது ஒன்றுதான். மனிதர்களுக்காக அல்ல, அந்த இரண்டு இரும்பு அலமாரிகளுக்காக. அவற்றின் நெற்றியில் சிவப்பு விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருக்கும். திரை என்று எதுவும் கிடையாது. தட்டச்சு இயந்திரத்தைப் போல, ஆனால் அதைவிடக் குண்டாக, ஒன்று மேசைமேல் இருக்கும். நாம் தட்டினாலும் அதன் தாளில்தான் எழுத்து விழும். கணினி பதில் சொன்னாலும் அதே தாளில்தான் விழும். இரண்டுக்கும் சத்தம் ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது.

அறையில் நாங்கள் இரண்டு பேர். நான் நிரந்தரம், அக்கா தற்காலிகம். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் அல்ல. இடுக்கிப் பக்கம் ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்துக் குடும்பம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். குமுளியில் டைப்ரைட்டிங் படித்துவிட்டு, பாலக்காட்டில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். சிரித்தால் அறை முழுக்கச் சிரிப்பாள்.

பக்கத்து அறையில் சார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். எங்கள் இருவருக்கும் மேலே அவர், அவருக்கு மேலே வடக்கிலிருந்து வந்த மானேஜர். சாருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். அவர் எட்டிப் பார்க்கவே மாட்டார். காதாலேயே மேற்பார்வை செய்வார். தடதடவென்று சத்தம் வந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது, நின்றால் குரல் வரும்.

"என்னம்மா, சத்தத்தைக் காணோமே? கைக்கு என்ன வந்துடுத்து?"

தேர் வீதியில் கச்சேரி கேட்டு வளர்ந்த காது. எங்கள் தட்டலைக் கேட்டே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அக்கா ஒரே சீராக வருவாள், எண்கள் வந்தால் மட்டும் தயங்குவாள். நான் பிசாசு பிடித்த மாதிரி நான்கு வரி ஓடுவேன், ஒரு தப்பு விழும், எரிச்சலில் வரி மாற்றும் விசையை மூன்று தரம் அறைவேன். அந்த மூன்று அறை கேட்டதும் தடுப்புக்கு அந்தப் பக்கம் சார் 'ம்' என்பார்.

எங்கள் வேலை, தொழிற்சாலை செய்யும் உதிரி பாகங்களுக்கெல்லாம் ஒரு பெரிய விவரப் புத்தகம் தயாரிப்பது. தலையணை கனம் இருக்கும். தட்டி ஏற்றுவது ஒரு பங்கு வேலை என்றால் திருத்துவது மூன்று பங்கு. பாகங்களின் எண்களை எப்படி எழுதுவது என்று மானேஜர் வாரம் ஒரு முறை மனம் மாறுவார். நடுவில் கோடு வேண்டும் என்பார். அடுத்த வாரம் கோடு வேண்டாம், புள்ளி வை என்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அக்கா பக்கம் பக்கமாகத் தேடித் தேடித் திருத்துவாள். நான் அலமாரியைப் பார்த்து வாய்க்குள் வைதுகொண்டிருப்பேன்.

திருத்துவதற்கு எடிட்டர் என்று ஒரு நிரல் இருந்தது. இன்றைக்கு இருப்பது போல எழுத்தைக் கண்ணில் காட்டி அழிக்கிற சங்கதி அல்ல, கண்ணைக் கட்டிக்கொண்டு சமைக்கிற மாதிரி. ஓர் எழுத்தைத் தட்டினால் தேடும், இன்னோர் எழுத்தைத் தட்டினால் அழிக்கும், வேறொன்றைத் தட்டினால் நுழைக்கும். என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் அந்த வரியைத் தாளில் அடித்துக் காட்டு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அதனுடைய கையேட்டை முழுக்கப் படித்த ஒரே ஜீவன் நான்தான். பெரிய அறிவு தாகமெல்லாம் இல்லை. கொல்லங்கோட்டில் பஸ் மாறக் காத்திருக்கும்போது கையில் வேறு புத்தகம் இல்லை. அதன் கடைசிப் பக்கங்களில்தான் புதையல் இருந்தது. எடிட்டருக்குச் சொல்லும் கட்டளைகளையே வரிசையாகக் கோத்து, அந்தக் கோவைக்கு ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்துச் சேமித்துவிடலாமாம். பிறகு அந்த எழுத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் கோவை முழுவதும் தானாக ஓடுமாம். ஒரு கோவை இன்னொரு கோவையைக் கூப்பிடலாம். அதாவது, எடிட்டருக்குத் தெரியாத வேலை ஒன்றை நாமே சொல்லிக் கொடுத்து, அதற்குத் தெரிந்த வேலையாக ஆக்கிவிடலாம். கையேடு இதை மேக்ரோ என்றது. நான் விளக்கியதைக் கேட்டு அக்கா அதற்கு டப்பா என்று பெயர் வைத்தாள்.

"மசாலாவ மொதல்லயே இடிச்சு டப்பால போட்டு வச்சுக்கிட்டா, அப்புறம் ஒரு கரண்டி எடுத்துப் போட்டாப் போதும். அதத்தான சொல்லுத?"

அதைத்தான் சொன்னேன்.

நான் செய்த முதல் டப்பா கோட்டைத் தேடிப் புள்ளியாக மாற்றுவது. இரண்டாவது, ஐந்து என்று முடியும் எண்களுக்குப் பின்னால் இன்னோர் ஐந்து சேர்ப்பது. தேடு, ஐந்தைக் கண்டால் பக்கத்தில் ஐந்து போடு, மறுபடி தேடு. புதிதாகப் போட்ட ஐந்தைத் தாண்டிப் போ என்று சொல்ல மறந்துவிட்டேன். அது தான் போட்ட ஐந்தையே கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் ஐந்து போட்டு, அதையும் கண்டுபிடித்து... கேட்ட பக்கத்தை அடித்துக் காட்டு என்றபோது ஒரு முழத் தாளுக்கு வெறும் ஐந்து. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் விசையை மூன்று தரம் அறைந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சார் 'ம்' என்றார்.

அதன் பிறகு கை வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா ஒரு வாரம் திருத்துவதை என் டப்பா ஒரு டீ குடிக்கும் நேரத்தில் திருத்திவிடும். மானேஜர் மனம் மாறட்டும், நாளைக்கு மூன்று தரம் மாறட்டும் என்று இருந்தது. ஒரு நாள் மதியம் பெருமையாக அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, பாருங்க. இந்த வேகத்துல போனா மொத்தப் புத்தகத்தையும் ஆவணிக்குள்ள முடிச்சுப்போடலாமுங்க."

அக்கா சிரிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"ஏட்டி, என் வயித்துல அடிக்கியே" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கணினி முதன்முதலில் தொழிற்சாலை வாசலுக்கு வந்தபோது தொழிலாளர்கள் லாரியை உள்ளே விடாமல் கேட்டில் உட்கார்ந்தார்கள். கடைசியில் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் ஒரு ஒப்பந்தம் ஆனது. கணினியால் யாருக்கும் வேலை போகக் கூடாது, தற்காலிகமாக எடுக்கிற ஆள் ஒரு வருடம் முழுக்க இருந்துவிட்டால் நிரந்தரமாக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மானேஜர் கெட்டிக்காரர். அக்காவை எடுக்கும்போதே, இந்தப் புத்தகம் முடிகிற வரைக்கும்தான் வேலை, முடிந்த அன்றைக்கே கணக்கு முடிந்தது என்று சொல்லித்தான் எடுத்தார். அக்கா வேலையில் சேர்ந்தது போன விஜயதசமி அன்று. வரும் விஜயதசமி காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும்போது அவள் கேட்டுக்கு உள்ளே இருந்தால் நிரந்தரம். அதற்கு முன்னால் புத்தகம் முடிந்துபோனால் ஆனைக்கரைக்கு பஸ்.

"ஆனைக்கரைக்குப் போனா என்னங்கக்கா?"

"போனா, எங்க அண்ணன் என்னய அந்தக் கணக்குப்பிள்ளைக்குக் கட்டி வச்சுருவான். பேசி முடிச்சே வச்சுருக்கான். அந்த மனுசன் சிரிச்சு நான் பாத்ததே இல்லட்டி. ஏலக்காயத் தரம் பிரிக்குத மாதிரியே பொம்பளயாளுவளயும் பாப்பாரு. வேலை நெரந்தரமாயிட்டா அண்ணன் வாயத் தொறக்க மாட்டான். அம்புட்டுதான். இந்த விஜயதசமியத் தாண்டணும்."

எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. கோபம் கணினி மேல்தான், வேறு யார் மேல் காட்டுவது? சரி, இந்த அலமாரிக்கு வேகமாக வேலை செய்யச் சொல்லிக் கொடுத்தவள் நான். மெதுவாக வேலை செய்யவும் நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

புத்தகத்தை என்னவோ டப்பாக்கள் திருத்தி முடித்துவிட்டன. அது கணினிக்கு உள்ளே சமர்த்தாகத் தூங்கியது. அது முடிந்த விஷயம் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மானேஜர் இந்த அறைக்கு வருவதில்லை. சார் கேட்பது சத்தத்தை மட்டும். ஆக, சத்தம் வேண்டும். ஆனால் கணினி தானாக அடித்தால் ஓட்டு மேல் ஆலங்கட்டி விழுவது போல ஒரே மூச்சில் தடதடவென்று போகும். அதைக் கேட்டால் கல்பாத்திக் காது ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். மனுஷி தட்டுகிற மாதிரித் தட்ட வேண்டும். அதுவும் அக்கா தட்டுகிற மாதிரி.

இதற்கு நான் பட்ட பாட்டை நல்ல வேலைக்குப் பட்டிருந்தால் எங்கேயோ போயிருப்பேன். முதலில் ஒரு டப்பா, சும்மா இருப்பதற்கு. கணினிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதனால் பெரிய எண் ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து ஒன்று ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வா, பூஜ்யம் வந்ததும் அடுத்த எழுத்தை அடி என்று எழுதினேன். எண் சிறியதென்றால் சின்னத் தயக்கம், பெரியதென்றால் பெருமூச்சு. இரண்டாவது டப்பா இடறுவதற்கு: தப்பான எழுத்தை அடி, கொஞ்சம் சும்மா இரு, பின்னால் வந்து சரியானதை அடி. மூன்றாவது டப்பா ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து, எண்ணாக இருந்தால் முதல் டப்பாவைக் கூப்பிடும். இவை எல்லாவற்றையும் கட்டி மேய்க்க ஒரு பெரிய டப்பா. அதற்கு அக்காவின் பெயரின் முதல் எழுத்தை வைத்தேன்.

முதல் நாள் ஓட விட்டபோது அக்கா மடியில் கைகளை வைத்துக்கொண்டு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அது தட்டியது, தயங்கியது, மூன்றாவது வரியில் இடறியது, திருத்திக்கொண்டது, வரி முடிவில் ஒரு பெருமூச்சு விட்டது. அக்காவின் கண் விரிந்தது.

"ஏசப்பா! இது நான்தாம்ட்டி" என்று கிசுகிசுத்தாள். பிறகு, "நான் இம்புட்டா தயங்குதேன்?" என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். பெருமூச்சின் எண்ணைப் பாதியாகக் குறைத்தேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நிசப்தம். சார் ஏமாந்துவிட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இப்படியே ஆவணி போனது, புரட்டாசியும் போய்க்கொண்டிருந்தது. தினமும் அதே இரண்டு பக்கங்களைத்தான் அந்த டப்பா தட்டும். அடித்த தாளையே திருப்பிச் சுருட்டி மாட்டுவோம், எழுத்து மேல் எழுத்து விழுந்து தாள் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அக்கா அந்த நேரத்தில் விடுதியின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இறக்கை தைத்தாள். எனக்கு ஊரிலிருந்து வந்த உப்பு மாங்காயைத் தின்றாள். சார் வெளியே வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் கையை விசைகளின் மேல் காற்றில் வைத்து வாசிப்பது போல ஆட்டுவாள். எனக்கு அப்போது சிரிப்பு பொங்கி, பாதி நாள் அலமாரிக்குப் பின்னால்தான் நின்றேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எனக்கு ஓர் அழகான யோசனை வந்தது. என்னுடைய அழகான யோசனைகள் எல்லாமே எனக்கு வினையாக முடிந்தவைதான்.

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை அன்று சகல இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. அன்றைக்கு விடுமுறை. பூஜைக்கு வைத்ததை யாரும் தொட மாட்டார்கள். மறுநாள் விஜயதசமி காலை பூஜையில் வைத்ததை எடுத்து, அவரவர் தொழிலை ஒரு தரம் தொட்டுத் தொடங்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த விஜயதசமி காலையில் அக்கா நிரந்தரமாகிவிடுவாள். அவள் வந்து ஒரே ஒரு விசையைத் தொட வேண்டும், தொட்டதும் மொத்தப் புத்தகமும் அட்டைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து மளமளவென்று அச்சாகி வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு ஒரு புது டப்பா எழுதினேன். யாராவது ஒரு விசையைத் தொடும் வரை காத்திரு, எந்த விசையானாலும் சரி, தொட்டதும் எல்லாவற்றையும் அடி. புதுத் தாளை மாட்டி, அதை ஓட விட்டு, காத்திருக்க வைத்தேன். கணினியைப் பூஜைக்காக அணைப்பதில்லை. அணைத்தால் மறுபடி எழுப்ப அரை நாள் ஆகும் என்பதால் அந்த அறையில் மட்டும் ஓடுகிற இயந்திரத்துக்கே பூஜை என்று சார் முடிவு செய்திருந்தார்.

இவ்வளவும் யோசித்தவளுக்கு ஒன்று தோன்றவில்லை. சந்தனத்தை விரலால் தொட்டுத்தானே வைப்பார்கள்? எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கிற பம்புக்குச் சின்ன வயதிலிருந்து நானே வைத்திருக்கிறேன். கிறிஸ்தவப் பெண் அக்கா மறந்தால் நியாயம். எனக்கு என்ன கேடு?

பூஜை அன்று அறைக்குள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மானேஜர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். சங்கத்துச் செயலாளர் வந்திருந்தார். அவர் லேத் பிரிவில் வேலை செய்பவர், கஞ்சிக்கோட்டுக்காரர், கேட்டில் லாரியை மறித்தவர்களில் முதல் ஆள். அக்கா கையில் பொரிப் பொட்டலத்தோடு கடைசியில் நின்றாள். கணினிக்குப் புகை ஆகாது என்று சார் கற்பூரத்தை வாசற்படியிலேயே காட்டிவிட்டு, பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். அலமாரிகளுக்கு மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். பிறகு தட்டும் இயந்திரத்துக்கு வந்தார். மேல் மூடியில் ஒரு பொட்டு வைத்தார். அப்புறம், அகலமாக இருக்கிறதே என்று, இடைவெளி விசையின் நடுவில் சந்தனத்தை அழுத்தி வைத்தார்.

இயந்திரம் உயிர் வந்து அடிக்க ஆரம்பித்தது.

சார் ஒரு அடி பின்னால் குதித்தார். யாரோ 'அம்மே' என்றார்கள். தாள் மேலே வந்துகொண்டே இருந்தது. முதலில் வந்தது அட்டைப் பக்கம். கம்பெனி பெயர், புத்தகத்தின் பெயர், அதற்குக் கீழே நானே ஆசை ஆசையாக நட்சத்திரம் வைத்துச் சேர்த்திருந்த வரி: இறுதிப் பிரதி, முழுமையானது.

மானேஜர் குனிந்து படித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "முடிந்துவிட்டதா? யாரும் சொல்லவே இல்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு கூட்டத்தின் கடைசியைப் பார்த்தார். அக்காவைத்தான் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் கணக்கை முடித்தால், விடிந்து சங்கு ஊதும்போது அக்கா கேட்டுக்கு வெளியே. அக்காவின் கையிலிருந்த பொட்டலம் கசங்கிப் பொரி தரையில் கொட்டியது.

இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் இயந்திரம் நின்றுவிடும். நான் முன்னால் பாய்ந்தேன். செயலாளர் கையை நீட்டி மறித்தார்.

"ஏனுங்கம்மிணி, பூஜைல இருக்கறதத் தொடலாமுங்களா?"

மானேஜருக்கு அந்தக் கவலை இல்லை. தாளைக் கிழித்து எடுக்கக் கையைக் கொண்டு போனார்.

"தொடப்படாது!"

சார்தான் கத்தினார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டதில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எப்போதும் ஒரே ஸ்தாயியில் வருகிற குரல். மானேஜர் கை பாதியில் நின்றது.

"இன்னிக்கு சரஸ்வதி பூஜையாக்கும். எழுதப்படாது, படிக்கப்படாது. பூஜையில வெச்சதை எடுக்கவும் படாது. நாளைக்குக் கார்த்தால எடுத்தப்புறம் பார்த்துக்கலாம்." சார் இதைத் தமிழில் எங்களுக்கும், பிறகு ஆங்கிலத்தில் மானேஜருக்கும் சொன்னார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

"அதுதான் அடித்துவிட்டதே. வேலை முடிந்துவிட்டது" என்றார் மானேஜர்.

அதைச் செயலாளர் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, வேலைங்களா? லீவு நாள்ல, பூஜை நாள்ல, ஆளே உக்காராம மெசினு வேலை பாத்துதுன்னு நீங்களே சொல்றீங்களா? அப்ப ஒப்பந்தம் என்னாச்சுங்க? நாளைக்கே பணிமுடக்குத்தானுங்க, ஒருத்தரும் வேலை பாக்க மாட்டோமுங்க." அவருக்கு அக்காவின் விஷயம் தெரியுமோ தெரியாதோ, லாரியை மறித்த நாளின் குஷி மறுபடி முகத்தில் வந்துவிட்டது.

மானேஜர் சாரைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். இயந்திரம் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

"வேலை இல்லை. இதை யாரும் வேலை என்று சொல்லவில்லை" என்றார் கடைசியில். "பிறகு என்ன இது?"

"பிரசாதமாக்கும்" என்றார் சார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மானேஜருக்கும் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கப் போனோம். பூட்டிய கதவுக்குப் பின்னால் தாள் தீர்கிற வரைக்கும் அது அடித்துக்கொண்டிருந்தது. சாருடைய ஆசாரம் நம்மைக் காப்பாற்றிவிட்டதே, கிழவருக்கு நூறு வயது ஆகட்டும் என்று நானும் அக்காவும் பஸ் நிறுத்தம் வரை சொல்லிக்கொண்டே போனோம்.

மறுநாள் காலை அக்கா முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். சங்கு ஊதியபோது கேட்டுக்கு நன்றாக உள்ளே, செயலாளர் பக்கத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நின்றாள். பூஜை எடுத்ததும் சந்தனம் காய்ந்திருந்த அந்த விசையைத் தொட்டாள். தொட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன், மூக்கைச் சிந்தினேன், பிறகு அந்த அலமாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனைக்கரை அண்ணனுக்கு அன்றைக்கே தந்தி போனது. கணக்குப்பிள்ளை பாவம், அப்போதாவது சிரித்தாரோ என்னவோ.

அதற்குப் பிறகு அக்கா என்னை விடவில்லை. "ஏட்டி, டப்பா செய்ய எனக்கும் சொல்லித் தா. உன்னய நம்பி எத்தன நாளு இருக்க?" என்று பிடித்துக்கொண்டாள். சொல்லிக் கொடுத்தேன். அவளும் ஒரு தரம் நிறுத்தச் சொல்ல மறந்து, தாள் முழுக்க எட்டாக அடிக்க வைத்தாள். எனக்கு அதில் தனி சந்தோஷம்.

தை பிறந்தது. எங்கள் ஊரில் மாங்காய் மற்ற எந்த ஊருக்கும் முன்னால் வந்துவிடும். முதல் லோடு ஏற்றிய லாரி ஒன்று கொல்லங்கோட்டுப் பாதையில் குறுக்கே சாய்ந்து, சாலை முழுக்கக் கூடையும் வைக்கோலும். என் பஸ் நகரவே இல்லை. சாருக்குத் தாமதம் என்றால் ஆகாது, அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தரம் வாங்கிக் கட்டியிருந்தேன். கஞ்சிக்கோட்டில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வராந்தாவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

உள்ளே யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். பிசாசு பிடித்த மாதிரி நான்கு வரி. ஒரு தடுமாற்றம். கொஞ்சம் நிசப்தம். பிறகு வரி மாற்றும் விசையில் மூன்று அறை.

அது நான்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா மடியில் கைகளை வைத்துக்கொண்டு, உப்பு மாங்காய் மென்றுகொண்டு, உட்கார்ந்திருந்தாள். எனக்காக ஒரு டப்பா செய்து வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கதவைத் தள்ளப் போனேன்.

"இரு. இப்போ உள்ளே போகாதே" என்றது ஒரு குரல்.

வராந்தாத் தூணில் சாய்ந்து, காப்பி டம்ளரோடு சார் நின்றிருந்தார். என் கையில் செருப்பு, தலையில் வைக்கோல். ஓடி ஒளிய இடமில்லை.

"நீ உள்ளே தட்டிண்டிருக்கே, கேட்டையோ. ரெண்டு பேரா நுழைஞ்சா நன்னா இருக்காது. முடியட்டும்."

சார் உள்ளிருந்து வரும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். மூன்று அறை மறுபடி விழுந்தது. "ம்" என்றார்.

"அவளோடதைவிட இது தேவலை. அதுல மூணாவது வரியில ஒரு இடறல் வரும். ஆவணியிலேர்ந்து தெனமும் அதே மூணாவது வரி, அதே இடறல். மனுஷா கை அப்படி இருக்குமோ? கேட்டுக் கேட்டு எனக்குச் சொப்பனத்துல எல்லாம் வந்துடுத்து."

ஆவணியிலிருந்து. நான் மனதுக்குள் பின்னால் போனேன். புரட்டாசி, பூஜை, இயந்திரம் மேல் நீண்ட மானேஜர் கை, தொடப்படாது என்று கத்திய குரல், அவர் நெற்றியில் கொட்டிய வேர்வை. ஆசாரம் என்று நினைத்து நாங்கள் சிரித்துக்கொண்டே பஸ் ஏறியிருக்கிறோம். ஏமாந்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, அதுவே எனக்குப் புதிது.

"சார், அன்னிக்கு அந்தப் பூஜைல, நீங்க..."

"பேசாதே. தாளம் தப்பறது" என்றார். காப்பியை ஒரு வாய் குடித்தார்.

நான் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நின்று, நான் தட்டி முடிக்கும் வரை காத்திருந்தேன்.